இசை நாடகமும் வாணிகமும்: சங்கரதாச சுவாமிகளின் நாடக அமைப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்குச் சோழ மன்னன் அளித்த பரிசு, தலைக்கோலிப் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னுமாகும். அப்பொன் அளவையே விலையாகக் கொண்டு மாலையொன்று கூனியின் கையில் நகர மறுகில் நிற்பதையும் அங்கே காண்கிறோம். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை முதல்வன் ஆகியோர் இலக்கணத்தை விரித்துரைத்த இளங்கோவடிகள், கலையின் விலையையும் கூசாது எண்ணிட்டுக் கூறினார். நம் நாடக வரலாற்று நூல்களோ, விலையென்ற சொல் கேட்டவுடன் முகஞ்சுளிக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் அடுத்த நூற்றாண்டின் முற்பாதி வரை தமிழகத்தில் செழித்த இசை நாடகத்தைக் குறித்துப் பெரும்பாலோர் கூறுவது இது: பாட்டு மிகுந்தமையால் நாடகம் கெட்டது, பணத்தாசையால் பாட்டு மிகுந்தது. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் முதலியோர் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபை, உரைநடை நாடகத்தால் இக்குறையைக் களைந்தது என்றும் அவர்கள் முடிப்பர். யாமும் வகுப்பில் பல்லாண்டு இவ்வாறே கற்பித்தோம். இன்று அம்முடிபு பாதியளவே உண்மையெனக் கருதுகிறோம். சபையினர் வழக்குரைத்தல் முதலான வேறு தொழில் உடையோர். நாடகத்தால் அடுப்பெரிய வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. அவர்கள் கோலைக் கொண்டு, அடுப்பெரிய நடித்தோரின் நாடகத்தை அளத்தல் நேர்மையாகுமா?

சங்கரதாச சுவாமிகள் (1867–1922) தம் நாடகங்களை எவ்வகைத் தொழிலமைப்பிற்காக எழுதினார் என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். நடிகரிடையே ஒழுங்கு குன்றியமை கண்டு அவர் சிறுவர் குழுக்களை நாடினார் என நாடக வரலாற்றாசிரியர் பலரும் உரைப்பர். 1918-இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அத்தகையது, டி. கே. எஸ். சகோதரர்கள் பயின்ற இடமும் அதுவே. ஆசிரியர் ஒருவர், பாடம் ஒன்று, உணவும் உறையுளும் ஒரே கூரையின்கீழ் என்பதே அவ்வமைப்பு. ஆயினும் அதன் முதலீடு சிறுவனின் குரல். மகரக்கட்டு வந்து அக்குரல் உடைந்த நாளில் முதலும் உடைந்தது. இக்கொடுமையை மறைத்துவிட்டுச் சிறுவர் குழுக்களைக் குருகுலமென்று புகழ்வார் கூற்றை யாம் ஏற்பதற்கில்லை.

சுவாமிகள் விரும்பிய ஒழுங்கிற்கு நேர்மாறானது, மக்கள் 'ஸ்பெஷல் நாடகம்' என வழங்குவது. அதில் குழு இல்லை, இயக்குவார் இல்லை, ஒத்திகையும் இல்லை. இராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் என ஒவ்வொருவரும் ஓரிரவிற்குத் தனித்தனியே பேசி அமர்த்தப்படுவர். முன்பின் அறியாத இருவர் முருகனும் வள்ளியுமாக மேடையில்தான் முதன்முதல் சந்தித்தலும் உண்டு. வியப்பு யாதெனில், சிறுவர் குழுக்கள் மறைந்தொழிந்த பின்னும் சுவாமிகளின் வள்ளி திருமணத்தையும் பவளக்கொடியையும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் விடியுமட்டும் வாழவைத்தது இந்த ஓரிரவு ஒப்பந்தமே.

இஃது எவ்வாறு இயன்றது? விடை நாடகப் பாடத்தின் யாப்பமைதியில் உள்ளது. பாத்திரம் தானே தன்னை அறிவித்துப் புகுகிறது. வெண்பாவும் விருத்தமும் சிந்தும் கண்ணியும் தனித்தனியே கழற்றவும் கோக்கவும் தக்க மணிகளாய் அமைந்துள்ளன. தருக்கப் பகுதியில் வினாவும் விடையும் மாறி மாறி வருதலின், பாடம் அறிந்த எவரும் எவரோடும் நின்று வாதிடலாம். ஆகவே அப்பாடம் நடிகர்களிடையே பொது நாணயமாகச் செலாவணியாயிற்று. பாட்டை நீக்கி உரைநடையாக்கின், இவ்வாணிகம் ஓரிரவும் நடவாது. பாட்டு மிகுதியைப் பணத்தாசையின் விளைவு என்போர், அப்பாட்டே முன்பின் அறியாதாரை ஒரு மேடையில் இணைத்துத் தொழிலைத் தாங்கிய தூண் என்பதைக் காணாது போயினர்.

குறை இல்லையென்று யாம் வாதிடவில்லை. 'ஒன்ஸ்மோர்' என்ற கூச்சலுக்கு இசைந்து, இறந்து கிடந்த பாத்திரம் எழுந்து பாடிய கதைகளைக் கேட்டு நகைக்காதார் யார்? கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோர் காலத்தில் மக்கள் நாடகம் காணச் சென்றனர் என்பதினும் குரல் கேட்கச் சென்றனர் என்பதே பொருந்தும். கிட்டப்பா 1933-இல் இளமையிலேயே மறைந்தார். 1935-இல் வெளிவந்த நந்தனார் படத்திற்குச் சுந்தராம்பாள் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். மேடை விளைத்த குரலைத் திரைப்படம் விலைக்குக் கொண்டது. எனினும் கதையை நடத்தும் பாட்டு வேறு, கதையை நிறுத்தும் பாட்டு வேறு. வள்ளியின் தருக்கம் முன்னதன்பாற்படும். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பழித்தலே பிழை.

கதையை நிறுத்தும் பாட்டையும் முற்றும் ஒதுக்கிவிட இயலாது. விசுவநாததாஸ் முருகனாகத் தோன்றி, தினைப்புனத்திலிருந்து கொக்கை விரட்டும் பாட்டை வெள்ளையரை விரட்டும் பாட்டாக்கினார். அதனாற் பன்முறை சிறை புகுந்தார். 1940-இல் சென்னையில் முருக வேடத்தோடே மேடையில் உயிர் நீத்தார். இறுகக் கட்டிய நாடகத்தில் அக்கொக்குக்கு இடம் கிடைத்திராது.

இனிப் பதிப்பைப் பற்றி ஒரு சொல். அச்சிட்ட வள்ளி திருமணத்தில் சில பக்கங்களே கொள்ளும் தருக்கம், புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரொன்றில் யாம் கண்ட இரவில் ஒரு நாழிகைக்கு மேலும் நீண்டது. வள்ளியாக வந்த அம்மையார் அச்சில் இல்லாத வினாவொன்றை எழுப்பினார். ஆர்மோனியக்காரர் சுருதியை நிறுத்திச் சிரித்தார். முருகன் சற்றே திகைத்துப் பின் ஒரு விருத்தத்தால் மீண்டார். 'அவ்விருத்தம் யாருடையது?' என வினவியபோது, தம் ஆசிரியர் வழி வந்ததென்றார். அவர்க்கு யார் தந்தாரோ அறியார். இத்தகைய பாட்டுகளை இடைச்செருகல் எனத் தள்ளுதல் ஏட்டுச்சுவடிப் பதிப்பு முறை. இந்நூற்கு அது பொருந்தாது. ஆர்மோனியக்காரர்களின் கையெழுத்துக் குறிப்பேடுகளைத் திரட்டி, வேறுபாடங்களை அடிக்குறிப்பில் ஒடுக்காது, பாடத்தோடு ஒக்க அச்சிடல் வேண்டும். முதுகலை மாணவர் இருவர் இப்பணியை எம்மோடு தொடங்கியுள்ளனர். இதுகாறும் கிடைத்த குறிப்பேடுகள் மூன்று.