வைரக் கட்டடமும் மலாய் வீடும்: ஒரு திறனாய்வு

வெப்பநாட்டில் கட்டடம் எழுப்புவோர் கற்கவேண்டிய பாடங்கள் இரண்டு. வெயிலை உள்ளே விடாதிருத்தல் முதற்பாடம். உள்ளே புகுந்துவிட்ட வெப்பத்தை வெளியேற்றுதல் இரண்டாம் பாடம். முதற்பாடத்திற்குக் கூரையும் தாழ்வாரமும் சன்னலும் போதும். இரண்டாம் பாடத்திற்கோ இயந்திரம் வேண்டும். இயந்திரத்திற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்திற்குப் பணம் வேண்டும். மின்செலவைக் குறைக்கும் கட்டடங்களைப் பற்றிய பேச்சு நாட்டில் பெருகியிருக்கும் இந்நாளில், ஒரு கட்டடத்தையும் ஒரு நூலையும் எடுத்துக்கொண்டு, இவ்விரு பாடங்களையும் அவை எவ்வளவு கற்பிக்கின்றன என்று ஆராயப் புகுவோம்.

கட்டடம், புத்ராஜெயாவில் 2010ஆம் ஆண்டு கட்டிமுடிக்கப்பட்ட எரிசக்தி ஆணையத் தலைமையகம். தலைகீழாய் நிறுத்திய பிரமிடு போன்ற தோற்றமுடைய இவ்வேழுமாடிக் கட்டடம் 'வைரக் கட்டடம்' எனப் பெயர் பெற்றது. அதன் சுவர்கள் மேலே செல்லச் செல்ல 25 பாகை வெளிநோக்கிச் சாய்ந்திருக்கின்றன. ஆதலால் மேல்மாடி கீழ்மாடிக்குக் குடையாகிறது. நடுக்கூடத்தின் வழியே பகலொளி கீழ்த்தளம் வரை இறங்குகிறது. காங்கிரீட் தளத்தினுள் பதித்த குழாய்களில் இரவில் குளிர்நீரை ஓடவிட்டுத் தளத்தைக் குளிர்வித்து வைக்கிறார்கள். பகலில் அத்தளம் அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வழக்கமான அலுவலகங்கள் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்கு 200 யூனிட்டை ஒட்டிய மின்சாரம் கொள்ள, இக்கட்டடம் ஏறத்தாழ 85 யூனிட் என்னும் அளவை இலக்காகக் கொண்டு அமைக்கப்பட்டது. இது பாராட்டுக்குரிய செயல் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் பாராட்டு கண்ணை மறைத்தல் கூடாது. சாய்வுச் சுவரின் பயனைப் பள்ளி வடிவியலைக் கொண்டே அளந்துவிடலாம். புத்ராஜெயா நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் உள்ளது. நண்பகற் கதிரவன் ஜூன் மாதத்தில் உச்சியினின்று 20 பாகை அளவு வடக்கேயும், டிசம்பரில் 26 பாகை அளவு தெற்கேயும் நிற்பான். எனவே 25 பாகைச் சாய்வு, வடசுவரையும் தென்சுவரையும் உச்சிவெயிலினின்று ஏறத்தாழ முழுமையாகக் காக்கும். கிழக்குச் சுவரின் நிலை வேறு. கதிரவன் 65 பாகை உயரம் ஏறும்வரை, அதாவது நம் கடிகாரப்படி முற்பகல் பதினொன்றரை மணியளவு வரை, அச்சுவரில் வெயில் படவே செய்யும். பிற்பகல் மூன்று மணியளவு முதல் மேற்குச் சுவருக்கும் அதே நிலைதான். நிமிர்ந்த சுவரில் படுவதைவிடக் குறைவு என்பது உண்மையே. ஆயினும் நாற்புறமும் ஒரே சாய்வு என்பது வடிவின் அழகுக்காக ஏற்பட்டது. கதிரவன் நான்கு திசைக்கும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை.

இனி நூலைக் காண்போம். லிம் ஜீ யுவான் எழுதிய 'தி மலாய் ஹவுஸ்' 1987இல் பினாங்கில் வெளிவந்தது. கம்பத்து மலாய் வீட்டைப் பழம்பொருளாகக் காட்டாமல், தட்பவெப்பத்தை உணர்ந்து கட்டிய அறிவுச் செயலாகக் காட்டுவது இந்நூலின் தனிச்சிறப்பு. தூண்களின் மேல் உயர்த்திய தளம் காற்றைப் பிடிக்கிறது. தரைவரை இறங்கும் சன்னல், உட்கார்ந்திருப்பவர் மேலும் படுத்திருப்பவர் மேலும் காற்றை வீசச் செய்கிறது. பலகையும் அத்தாப்பும் வெப்பத்தைச் சேர்த்து வைப்பதில்லை. ஆதலால் பொழுது சாய்ந்ததும் வீடு விரைவில் குளிர்ந்துவிடுகிறது. மக்காவை நோக்கிக் கிழக்கு மேற்காக வீட்டை அமைக்கும் சமய வழக்கமே, வெயில் படும் சுவர்ப்பரப்பைக் குறைக்கவும் உதவுகிறது என்பது சுவையான செய்தி.

எனினும், அந்நூல் போற்றும் வீடு மரங்கள் சூழ்ந்த விரிந்த வளவில் நிற்பது. இருபதடி அகல மனையில் வாழ்பவனுக்கு அந்த வளவும் இல்லை, அந்தக் காற்றும் இல்லை. அத்தாப்பு சில ஆண்டுகளிலேயே மக்கிவிடும், தீக்கும் அஞ்சவேண்டும். அத்தாப்பை அகற்றித் தகரம் வேய்ந்த பின் பகலில் வீடு காய்வதைக் கம்பத்தாரே அறிவர். ஆகவே அவ்வீட்டை அப்படியே மீண்டும் கட்ட இயலாது. அதன் கோட்பாட்டையே கைக்கொள்ள இயலும்.

கைக்கொண்டோமா என்பதே கேள்வி. நம் தாமான்களில் நிற்கும் தொடர்வீட்டைப் பாருங்கள். இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர். காற்று முன்னும் பின்னும் மட்டுமே நுழையலாம். தாழ்வாரம் குறுகியது. செங்கல்லும் காங்கிரீட்டும் பகல் வெப்பத்தைச் சேர்த்து வைத்து, பிள்ளைகள் படிக்க உட்காரும் இரவு வேளையில் அதனை உள்ளே உமிழ்கின்றன. வீதி வடக்குத் தெற்காக ஓடினால், ஒரு வரிசையின் முகப்பும் எதிர்வரிசையின் பின்புறமும் மாலை வெயிலில் காய்கின்றன. தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியபோது லயத்தை விட்டு வெளியேறிய நம் மக்களில் பலர் வந்து சேர்ந்தது இத்தகைய வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்குமே. அங்கே குளிர்சாதனம் வாங்க இயன்றவர் மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்துகிறார்; இயலாதவர் புழுக்கத்தில் வாடுகிறார்.

கட்டடங்களின் மின்சிக்கனத்திற்கான மலேசியத் தர நெறி எம்.எஸ். 1525 முதன்முதல் வெளிவந்தது 2001இல். அது குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கானது. வீடுகளுக்கென எம்.எஸ். 2680 வந்ததோ 2017இல். அலுவலகத்திற்குப் பின் வீடு பதினாறு ஆண்டுகள் காத்திருந்தது! அலுவலகம் பெரிய அளவில் மின்சாரம் கொள்வதால் அதனை முதலில் திருத்தினர் என்று காரணம் கூறலாம், அக்காரணத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் அலுவலகத்தின் மின்கட்டணத்தை நிறுவனம் ஏற்கிறது. வீட்டின் கட்டணத்தைத் தொழிலாளி தன் கூலியிலிருந்தே கட்டுகிறான். இதனையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

வைரக் கட்டடத்தின் குழாய்த் தளத்தை ஏழைவீட்டிற்குக் கொண்டுவருதல் இயலாது. அதன் குடை வடிவம் கற்பிக்கும் பாடத்தைக் கொண்டுவருதல் இயலும். நெடிய தாழ்வாரம், கூரைக்கடியில் வெப்பம் தடுக்கும் பஞ்சுப் படலம், கூரையில் காற்றுப் போக்கி, வாசலில் ஒரு நிழல்மரம் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. வீதியைக் கிழக்கு மேற்காக வரைந்து, வீடுகளை வடக்கும் தெற்கும் நோக்கச் செய்வதற்கோ, நிலம் இடங்கொடுக்கும் இடங்களில் தனிச்செலவே இல்லை. வரைபடம் தீட்டுவோர் மனம் வைத்தால் போதும். வீடு வாங்கச் செல்லும் நம்மவர் விலையையும் தவணையையும் மட்டும் கேட்டுத் திரும்பாமல், வாசல் எத்திசை நோக்குகிறது, கூரைக்கடியில் என்ன இருக்கிறது என்றும் கேட்கத் தொடங்குதல் வேண்டும். வாங்குவோர் கேளாததை விற்போர் தாமாகத் தர முன்வருவது அரிது.