நகரைப் படித்தல்: ஜார்ஜ்டவுன் மரபுடைமைத் தளங்களும் நம் பார்வையும்

முன்னுரை

ஒரு நகரின் அருங்காட்சியகங்களையும் அரங்குகளையும் வரலாற்றுத் தளங்களையும் நேரில் கண்டு வருதல் கல்விச் சுற்றுலாவின் நிலைபெற்ற கூறாகும். நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரம் இவ்வகையில் நன்கு அறிமுகமானது. 2008ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள் அந்நகரம் மலாக்காவுடன் இணைத்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஜார்ஜ்டவுனின் மையப் பகுதியாக வரையறுக்கப்பட்ட பரப்பு 109.38 ஹெக்டர் மட்டுமே. நடந்தே கண்டுவிடக்கூடிய இச்சிறு பரப்பில் கோட்டை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், குலமன்றம், வணிகர் மாளிகை ஆகியன நெருங்கி நிற்கின்றன.

இத்தளங்களை விவரிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றை நாம் காணும் முறையையே இது திறனாய்வுக்கு உட்படுத்துகிறது. தமிழ்ப் பெயர் தாங்கிய தளங்களை மட்டும் தேடிச் செல்லும் பார்வை, தமிழர் வரலாற்றை விரிப்பதற்கு மாறாகச் சுருக்கிவிடுகிறது என்பதே ஈண்டு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

பெயர் தாங்கிய தளங்கள்

தமிழ் மாணவர் குழுவொன்றின் வழக்கமான பயணத்தடம் நாம் அறிந்ததே. குயின் தெருவில் 1833இல் எழுப்பப்பட்ட ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில், 1801இல் காதர் முகைதீன் தலைமையில் நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியா தெருவில் நாகூர் ஆண்டகை சாகுல் ஹமீது அவர்களின் நினைவைத் தாங்கிய நாகூர் தர்கா, பின்னர் 'லிட்டில் இந்தியா' கடைத்தெரு என அத்தடம் அமையும். மாணவர் ஆண்டுகளையும் பெயர்களையும் குறித்துக்கொள்வர். "நாமும் இங்குத் தொன்மையானவர்களே" என்னும் பெருமிதத்துடன் பயணம் நிறைவுறும்.

இப்பெருமிதத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. தேசிய வரலாற்றில் தன் பங்கு குறைத்துச் சொல்லப்படுகிறதோ என ஐயுறும் சிறுபான்மைச் சமூகத்திற்கு, கல்லாலும் சுண்ணத்தாலும் ஆன சான்று ஒன்றைக் கையால் தொட்டறிவது தேவையான அனுபவமே. ஆயினும் பெருமிதம் கல்வியின் தொடக்கமாகலாம். அதன் முடிவாக அமைந்துவிடக்கூடாது.

இத்தளங்களின் பெயர்ப்பலகைகளே ஒரு மொழிப்பாடத்திற்குப் போதுமானவை. 'கிளிங்' என்பது கலிங்கம் என்னும் பெயரின் வழிவந்ததாகக் கருதப்படும் சொல். ஒரு காலத்தில் தென்னிந்தியரைப் பொதுவாகக் குறித்த இச்சொல், பிற்காலத்தில் இழிவுப் பொருளேற்று நம்மைப் புண்படுத்துவதாயிற்று. அதே சொல் ஒரு பள்ளிவாசலின் பெயரிலும் ஒரு தெருவின் பெயரிலும் மதிப்புடன் நிலைத்திருக்கிறது. ஆசிரியர் பலர் இதனைப் பேசாது கடந்து செல்ல விழைகின்றனர். சொல் ஒன்று உயர்ந்ததும் தாழ்ந்ததுமான வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைக்க இதனினும் தக்க இடம் வேறில்லை.

பள்ளிவாசலுக்கு அருகிலுள்ள 'கம்போங் கோலம்' என்னும் தெருப்பெயரையும் நோக்குக. கோலமிடுதலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நீர்நிலையைக் குறிக்கும் 'கோலம்' என்னும் மலாய்ச் சொல் நம் 'குளம்' என்பதன் வழிவந்தது. 'கெடாய்' எனக் கடைதோறும் எழுதப்பட்டிருப்பது நம் 'கடை'யே. மலாய்ப் பெயர்ப்பலகையில் தமிழ்ச்சொல் மறைந்திருப்பதை ஒரு மாணவன் தானே கண்டறிவானாயின், அவன் கண்டது தமிழின் தொன்மையை மட்டுமன்று. இரு மொழிகளும் ஒன்றோடொன்று புழங்கிய வாழ்வையும் ஆகும்.

பெயர் தாங்காத தளங்கள்

கடற்கரையிலுள்ள கார்ன்வாலிஸ் கோட்டை பெயராலும் தோற்றத்தாலும் ஆங்கிலேயருடையது. 1786இல் பிரான்சிஸ் லைட் கரையிறங்கியபின் நிபோங் மரங்களால் வேலியிடப்பட்ட இவ்விடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கற்கோட்டையாயிற்று. தமிழ் மாணவர் குழுக்கள் இங்குப் படமெடுத்துக்கொண்டு விரைவில் நகர்ந்துவிடுவதுண்டு. இது 'நம்முடைய' தளமன்று என்னும் எண்ணமே அதற்குக் காரணம்.

ஆனால் 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து கைதிகளை இத்தீவிற்கு நாடு கடத்தியது என்பதும், சாலைகளும் பொதுக் கட்டடங்களும் அமைக்கும் பணியில் அவர்களின் உழைப்பு பெரிதும் பயன்படுத்தப்பட்டது என்பதும் ஆவணங்கள் கூறும் உண்மைகள். குறிப்பாக, 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டபின், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டு 'வேல்ஸ் இளவரசர் தீவு' எனப்பட்ட இப்பினாங்கிற்கு அனுப்பப்பட்டனர்.

சிவகங்கை வரலாற்றைப் படிப்போர் அதனைத் தமிழ்நாட்டு வரலாறாகப் படிக்கின்றனர். பினாங்கு வரலாற்றைப் படிப்போர் அதனைத் துறைமுக வணிகத்தின் வரலாறாகப் படிக்கின்றனர். 1802இன் அக்கப்பல் இவ்விரண்டிற்கும் இடையே கடலில் தவறி விழுந்துவிடுகிறது. அதனை மீட்டெடுக்க வேண்டிய வகுப்பறை, அக்கடலை நோக்கி நிற்கும் கோட்டைச் சுவரின் அருகே அமைதல் வேண்டும். வணிகராய் வந்தோர் கோயிலும் பள்ளிவாசலும் எழுப்பித் தம் பெயரை நிறுத்தினர். விலங்கிடப்பட்டு வந்தோர் எழுப்பியவற்றில் அவர்தம் பெயர் இல்லை. பெயருள்ள தளங்களை மட்டும் காணும் பயணம், தன்னை அறியாமலேயே, பொருள் படைத்தோரின் வரலாற்றை மட்டும் கற்பிக்கிறது.

அருங்காட்சியகத்தின் அறைகள்

ஃபார்குவார் தெருவில் பினாங்கு ஃபிரீ ஸ்கூலின் பழைய கட்டடத்தில் 1965இல் திறக்கப்பட்ட மாநில அருங்காட்சியகம், தன் பழைய காட்சியமைப்பில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் எனச் சமூகந்தோறும் தனித்தனிப் பகுதிகளை ஒதுக்கியிருந்தது. யாரும் விடுபடவில்லை என்னும் நிறைவை இம்முறை தருகிறது. அதே வேளையில், அறைகளுக்கு இடையே நிகழ்ந்தவற்றிற்கு இடமில்லாமற் செய்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு போதும். 1880களில் நாகூர்க் குலாம் காதிறு நாவலர் பினாங்கிலிருந்து 'வித்தியா விசாரிணி' என்னும் தமிழ் இதழை நடத்தினார். அவ்விதழின் படி ஒன்று கிடைக்குமாயின் அதனை எவ்வறையில் வைப்பது? மொழியால் அது தமிழ். நடத்தியவர் சமயத்தால் முஸ்லிம். பிறந்த மண் பினாங்கு. இந்தியத் தந்தையர்க்கும் மலாய்த் தாயர்க்கும் பிறந்த ஜாவி பெரானக்கான் சமூகத்தை எவ்வறையில் நிறுத்துவது? கூ சல்மா நசுத்தியோன் 2014இல் வெளியிட்ட 'தி சூலியா இன் பினாங்' என்னும் நூல் தமிழ் முஸ்லிம்களின் கொடையை விரிவாக ஆராய்ந்துள்ளது. இச்செய்திகள் தமிழ்மொழி வகுப்பறையை எட்டவேண்டும். நம் பாடத்திட்டங்களும் சில வேளைகளில் அருங்காட்சியகத்தைப் போன்றே அறைகளால் ஆனவை என்பதை நாம் ஒப்புக்கொள்ளுதல் நன்று.

கட்டடமில்லாத அரங்கு

அரங்கக் கலையைப் பொறுத்தவரை இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. கூ கொங்சி குலமன்றத்தின் கோயிலுக்கு எதிரே நாடகமேடை நிற்பதால் சீன நாடக மரபு பயணியின் கண்ணுக்குப் புலனாகிறது. நகர மண்டபம் நிற்பதால் ஐரோப்பியரின் நடனமும் இசையும் நினைக்கப்படுகின்றன. ஆனால் பினாங்கு மண்ணில் பிறந்ததாகக் கருதப்படும் பாங்சாவான் நாடகத்தைக் காண எங்குச் செல்வது?

1870களில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுவினர் பினாங்கிற்கு வந்து இந்துஸ்தானி மொழியில் நடித்தனர். அதனைக் கண்டு, மாமாக் புஷி போன்ற இந்திய முஸ்லிம் மரபினர் மலாய் மொழியில் நடத்தத் தொடங்கியதே பாங்சாவான் என்பர். தான் சூய் பெங் 1993இல் வெளியிட்ட ஆய்வுநூல் இவ்வரலாற்றை விரிவாகப் பதிவு செய்துள்ளது. பாங்சாவான் ஊர் ஊராகச் சென்ற கலை. கூடாரங்களிலும் வாடகைக் கொட்டகைகளிலும் கேளிக்கைப் பூங்காக்களிலும் வாழ்ந்தது. போரியாவும் அத்தகையதே. சென்னை மாகாணப் படைப்பிரிவினருடன் வந்த இந்திய முஸ்லிம்கள் வழியே முகர்ரம் சடங்காக வந்து, பின்னர் மலாய்க்காரரின் பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையுமான தெருக்கலையாக அது மாறியது என்பது பரவலாக ஏற்கப்படும் கருத்து. தெருவையே அரங்காகக் கொண்ட கலைக்குப் பாதுகாக்கத்தக்க சுவரேது, கூரையேது?

மரபுடைமை என்பதைக் கட்டடத்தால் அளக்கும்போது, கட்டடம் எழுப்பாத கலை அளவுகோலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. இவ்விடத்தில் தமிழ்ப் பயணியின் பார்வைக் குறையும் வெளிப்படுகிறது. பாங்சாவானும் போரியாவும் மலாய்மொழிக் கலைகள். ஆதலின் அவை நம்முடையன அல்ல என விட்டுவிடுகிறோம். மையப் பகுதிக்கு வெளியேயுள்ள பி. ரம்லியின் பிறந்த இல்லத்தையும் அவ்வாறே விட்டுவிடுகிறோம். 1950இல் வெளிவந்த 'பக்தி' திரைப்படத்தில் பி. ரம்லியை முதன்முதலாகக் கதைத்தலைவனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். இதனைச் சொல்வது ரம்லியின் புகழில் பங்கு கேட்பதற்கன்று. ஒரு கலை யாருடையது என்னும் வினாவிற்கு இந்நகரம் ஒற்றை விடை தருவதில்லை என்பதை உணர்த்துவதற்கேயாம்.

மாந்தரற்ற நினைவு

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பியர் நோரா நினைவுத் தளங்களுக்கும் நினைவுச் சூழலுக்கும் இடையே ஒரு வேறுபாட்டைக் காட்டினார். நினைவு மக்களின் அன்றாட வாழ்வில் இயல்பாக உறைந்திருக்கும் சூழல் மறையும்போதுதான், அதனைத் தாங்குவதற்குத் தனித்தளங்கள் தேவைப்படுகின்றன என்பது அவர் கருத்து. ஜார்ஜ்டவுனுக்கு இக்கருத்து பொருந்துகிறது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000 சனவரி முதல் வாடகைகள் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டன. தலைமுறைகளாகக் கடைவீடுகளில் வாழ்ந்தவர், தொழில் செய்தவர் பலர் வெளியேறினர். எட்டு ஆண்டுகளுக்குப் பின் உலகத் தகுதி வந்தது. 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த சுவரோவியங்களின் முன் பயணிகள் வரிசையில் நிற்கலாயினர். சுவரில் வரையப்பட்ட சிறாரைக் காணக் கூட்டம் கூடுகிறது. அச்சுவருக்குப் பின்னால் வளர்ந்த சிறார் எங்குப் பெயர்ந்தனர் என்னும் வினா எழுவதில்லை.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. பினாங்குத் தெருவிலுள்ள நகரத்தாரின் கோவில் வீட்டிலிருந்து தைப்பூசத்தையொட்டிப் புறப்படும் வெள்ளி இரதம் 1894இல் காரைக்குடியிலிருந்து கொண்டுவரப்பட்டது. 2017இல் குயின் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க இரதமும் புறப்படத் தொடங்கியது. ஒரே விழாவில் இரு இரதங்கள் என்பது பற்றிச் சமூகத்தில் எழுந்த விவாதத்தை நாம் அறிவோம். அதனைக் குறையாக மட்டும் காணவேண்டியதில்லை. மரபைப் பற்றி மக்கள் வாதிடுகின்றனர் என்றால், அது இன்னும் அருங்காட்சியகப் பொருளாகிவிடவில்லை என்பதே பொருள்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் கோயிலுக்கும் தர்காவிற்கும் செல்லும் பயணத்தைக் கைவிட வேண்டுமென்பது கருத்தன்று. அப்பயணத்தை அங்கேயே முடித்துவிடலாகாது என்பதே கருத்து. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் ஒவ்வொரு தளத்திலும் மூன்று வினாக்களை எழுப்புமாறு செய்யலாம். இதனை எழுப்பியவர் யாவர், அவர் பெயர் இங்கு உளதா? இங்கு எம்மொழிகள் பேசப்பட்டன? இங்கிருந்தோர் இன்று எங்குளர்? இவ்வினாக்கள் கோட்டைக்கும் கோயிலுக்கும் கொங்சிக்கும் ஒன்றுபோலவே பொருந்துவன. 'இது நம்முடையதா' என்னும் வினா இம்மூன்றனுள் இல்லை. எனினும் இவற்றிற்கு நேர்மையாக விடை தேடும் மாணவன் தமிழரைச் சந்திக்காமல் இந்நகரைக் கடந்துபோக இயலாது.