மொறிஸ் மைனரின் ஹோர்னைப் பிரிக்கலாமா?

மொறிஸ் மைனருக்கென அந்தக் காலத்தில் வந்த பணிமனைக் கையேடு ஹோர்னுக்குச் சில பந்திகளே ஒதுக்குகிறது. பூட்டியிருக்கும் போல்ட்டுகள் இறுக்கமா என்று பார். வயர் முனைகளைப் பார். திருத்தும் நட்டைக் கொஞ்சம் திருப்பிப் பார். அதற்கும் சரிவராவிட்டால் ஹோர்னைப் பிரிக்காதே, ஹோர்னைச் செய்த லூக்கஸ் நிறுவனத்தின் சேவை நிலையத்துக்கு அனுப்பு. இதுதான் சாரம். அனுப்பச் சொன்ன நிலையங்கள் போய்விட்டன. கார் போகவில்லை. 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்டு, 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட அந்தச் சின்னக் கார் இலங்கை வீதிகளில் இன்னும் ஓடுகிறது. அதன் ஹோர்ன் ஊமையானால் ‘பிரிக்காதே’ என்ற விதிக்கு இன்று என்ன மதிப்பு?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையேடு காட்டும் வரிசை இன்றும் அசைக்க முடியாதது. அதன் கடைசி வரி மட்டும் காலாவதியாகிவிட்டது. நம்மூர்க் கராஜ்களில் பெரும்பாலும் நடப்பதோ நேர்மாறு. கடைசி வரியை மீறுவதில் வேலை தொடங்குகிறது. வரிசையை யாரும் தொடுவதில்லை.

இதை நிறுவ ஹோர்னின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு மின்காந்தம், அதற்கு முன்னால் விளிம்பில் இறுக்கிப் பிடித்த மெல்லிய உருக்குத் தகடு, தகட்டின் அசைவால் திறந்து மூடும் ஒரு சோடித் தொடுகைகள். மின் ஓடியதும் காந்தம் தகட்டை இழுக்கும். உள்ளே வரும் தகடு தொடுகையைத் தள்ளித் திறந்துவிடும். மின் அறுந்ததும் தகடு துள்ளித் திரும்ப, தொடுகை மூடி மறுபடி இழுப்பு. செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கிறது. அக்காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் வந்த லூக்கஸ் எச்.எஃப். 1748 வகையில் தகட்டின் நடுவே இன்னொரு சிறு வட்டத்தகடும் உண்டு. தகடு உள்ளே வந்து மோதும் ஒவ்வொரு தடவையும் அது தன் கூர்மையான சுரத்தில் அதிரும். தகட்டின் தாழ்ந்த சுரமும் இந்தக் கூர்மையும் கலந்து வருவதுதான் அந்தக் கார்களின் குரல்.

இவற்றில் நாள்பட்டுத் தேய்வது தொடுகை. அந்தத் தேய்வை ஈடுசெய்யத்தான் திருத்தும் நட் இருக்கிறது. சுரத்தை மாற்றுவதற்கென்று எண்ணி அதைத் திருகுகிறவர்கள் பலர். சுரத்தைத் தீர்மானிப்பது தகட்டின் தடிப்பும் விறைப்பும். நட் ஆள்வது தொடுகை பிரியும் தருணத்தை மட்டும். எச்.எஃப். 1748க்குச் சொல்லப்பட்ட அளவு அதனால்தான் அவ்வளவு சிறியது: தொடுகை பிரிந்து ஹோர்ன் வாய் மூடும் புள்ளிவரை திருப்பி, அங்கிருந்து அரைச் சுற்றுப் பின்வாங்கிப் பூட்ட வேண்டும். இரண்டு மூன்று சுற்றுத் திருகியும் சத்தம் வரவில்லையே என்று சலித்துக் கழற்றப்பட்ட ஹோர்ன்களில் பல, அந்தத் திருகலாலேயே ஊமையானவை.

ஆனால் நட்டுக்கு வருவதற்கு முன்பே வயர் இருக்கிறது. குற்றவாளி பெரும்பாலும் ஒளிந்திருப்பதும் அங்கேதான். மைனரில் சாவி திருப்பாவிட்டாலும் ஹோர்னுக்கு மின் வந்துகொண்டே இருக்கும். பொத்தானை அமுக்கும்போது நாம் மின்னை அனுப்புவதில்லை. அது காரின் பொடிக்கு, அதாவது எர்த்துக்கு, திரும்ப வழி விடுகிறோம். ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவே பொத்தான் உள்ள மாடல்களில் அந்த வழி சுழலும் பாகங்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. காய்ந்த கிரீஸும் துருவும் அங்கே தடையாக நிற்கும். முழுதாகக் கழற்றிப் புதுப் பெயின்ற் அடித்து எடுத்த காரில் ஹோர்ன் ஒலிக்காவிட்டால் முதல் சந்தேகம் பெயின்ற் மீதுதான் விழவேண்டும். உலோகத்தை உலோகம் தொட வேண்டிய இடங்களில் அது படை போட்டிருக்கும். பளபளக்கும் காரில் அப்படியொரு குற்றம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

மல்ரிமீற்றர் வைத்துச் சோதித்தேன், வயர் எல்லாம் நல்லது என்ற வாக்குமூலத்தையும் நான் எளிதில் ஏற்பதில்லை. ஹோர்ன் இழுப்பது ஏறத்தாழ 4 அம்பியர். 12 வோல்ட்டில் அது சுமார் 3 ஓம் தடையைப் போல நடக்கிறது. வழியில் ஒரு துருவேறிய இணைப்பு 1 ஓம் சேர்த்தால் ஹோர்னுக்கு 9 வோல்ட்தான் மிஞ்சும். தகடு முனகும், அல்லது அசையவே அசையாது. அதே இணைப்பை மீற்றரின் ஒலிச் சோதனையில் வைத்தால் அது நல்லது என்று கூவும், ஏனென்றால் மீற்றர் அனுப்பும் மின் மில்லி அம்பியர் கணக்கிலேயே இருக்கிறது. பொத்தானை அமுக்காமல் ஹோர்ன் முனைக்கும் பொடிக்கும் இடையே அளந்தாலும் முழு 12 காட்டும். மின் ஓடாதபோது தடையில் இழப்பு ஏது? ஒருவர் பொத்தானை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் ஹோர்னின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே அளக்க வேண்டும். தொடுகை திறந்து மூடுவதால் டிஜிட்டல் இலக்கங்கள் துள்ளும்; பழைய ஊசி மீற்றர் இதற்கு மேல். அதற்கும் முன்னே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது: ஹோர்னைக் கழற்றித் தடித்த இரண்டு வயரால் நேரே பற்றரியில் தொடுவது. அங்கே அது நன்றாக ஒலித்தால் ஹோர்ன் நிரபராதி. அதைத் திறக்க எவருக்கும் காரணமில்லை.

பியூஸ் போகவில்லை என்பதையும் குறையில்லை என்பதற்குப் பலர் சான்றாக நீட்டுகிறார்கள். 35 அம்பியர் பியூஸ் 4 அம்பியர் ஹோர்னுக்குக் காவல் நிற்காது. தொடுகை ஒட்டிக்கொண்டு சுருள் சூடேறி நாறினாலும் அது அசையாமல் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்களையும் ஒஸ்ரின் ஏ40களையும் காப்பாற்றி வைத்திருந்தவை எதையும் திறந்து பார்க்க அஞ்சாத கைகள். 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாதபோது அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிப்பாகம் கடையில் கேட்டு வாங்கும் பொருளாக இருக்கவில்லை. அந்தக் கராஜ் பாஸ்மாரிடம் போய்ப் பிரிக்காதே என்று சொல்ல எந்தக் கையேட்டுக்கும் உரிமை கிடையாது. ஆனாலும் தட்டுப்பாட்டில் பிறந்த பழக்கம் வேறு, நல்ல முறை வேறு. திறந்து மூடினேன், ஒலித்தது என்று சொல்கிறார்கள். திறந்ததால்தான் ஒலித்ததா? கழற்றிப் பூட்டும்போது வயர் முனைகள் உராய்ந்து சுத்தமாகியிருக்கும். தளர்ந்த போல்ட் இறுகியிருக்கும். ஹோர்னைத் தொடாமல் இவற்றை மட்டும் செய்திருந்தாலும் ஒலித்திருக்கலாம் என்ற எதிர்வாதத்துக்கு அவர்களிடம் பதிலில்லை. பற்றரிச் சோதனையைத் தாண்டிப் போனதுதான் காரணம்.

பற்றரியில் நேரே தொட்டும் ஊமை, நட்டை முறைப்படி திருத்தியும் ஊமை என்றால் நிலைமை மாறுகிறது. அப்போது திறக்கத்தான் வேண்டும், ஏனென்றால் மாற்று வழி ஹோர்னைக் குப்பையில் போடுவது மட்டுமே. ஸ்குரூவால் மூடிய வகைகளில் இது பதற்றப்பட வேண்டிய வேலை அல்ல. கருகிய தொடுகையை மெல்லிய அரத்தால் ஓரிரு தடவை நீவி, பெற்றோல் தோய்த்த துணியால் துடைத்தாலே பல ஹோர்ன்கள் பேசிவிடும். எச்சரிக்கை வேண்டியது தகட்டைக் கழற்றும்போதுதான். விளிம்பிலுள்ள மென்தாளின் தடிப்புத்தான் தகட்டுக்கும் காந்தத்துக்கும் இடையிலான சிறு இடைவெளியைத் தீர்மானிக்கிறது. அதை எறிந்துவிட்டுக் கையில் கிடைத்த தாளை வெட்டிப் போட்டாலோ, சிலிக்கன் பூசி ஒட்டினாலோ இடைவெளி மாறிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு திருகியும் பழைய குரல் வராது. ரிவெட் அடித்து மூடிய பிந்திய வகைகளைத் துளைபோட்டுப் பிரிப்பதை நான் ஆதரிக்கவில்லை. அங்கே கையேட்டின் தடை இன்னும் செல்லும்.

ஹோர்னின் முழு மின்னையும் பொத்தான் வழியே ஓடவிடாமல் ரிலே போடச் சொல்பவர்களின் வாதம் வலுவற்றதல்ல. தலா 6 முதல் 8 அம்பியர் இழுக்கும் இரட்டை விண்ட்ரோன் ஹோர்ன்களுக்கு ரிலே நியாயமான துணை. ஒற்றை ஹோர்னுக்கு அது கெட்ட எர்த்தை மறைக்கும் திரையாகிவிடுகிறது. குறை அங்கேயே இருந்து வளரும். மைனர் பொசிற்றிவ் எர்த் கார், அதாவது பற்றரியின் நேர்முனை பொடியில் பூட்டப்பட்ட கார், என்பதையும் மறக்கக்கூடாது. பழைய ஹோர்னுக்கு மின் எந்தத் திசையில் ஓடினாலும் ஒன்றுதான். உள்ளே டயோட் வைத்த ரிலேயைத் திசை பாராமல் பூட்டினால் டயோட் குறுக்குச் சுற்றாகிவிடும். இலத்திரனியல் சுற்று வைத்த புதிய ஹோர்ன்களும் திசை மாறினால் கெடும். கடையில் இதைக் கேட்டறியாமல் வாங்கிப் பூட்டியவர்கள், புதுச் சாமானும் பழுது, பழைய காரே இப்படித்தான் என்று காரின் மேல் பழியைப் போடுகிறார்கள்.

சுருள் அறுந்தோ தகடு வெடித்தோ போனால் மட்டும் மாற்றுங்கள். அதே வகைப் பழைய ஹோர்ன் கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் இலத்திரனியல் இல்லாத, இரண்டு முனைகளுள்ள சாதாரண 12 வோல்ட் வட்ட ஹோர்ன். கழற்றிய பழையதை இரும்புக்குப் போட வேண்டாம். அதன் தொடுகைகளும் நட்டும் மென்தாளும் அடுத்த மைனரின் திருத்தத்துக்குத் தேவைப்படும்.