உப்பைக் குறைக்கும் அதிகாரம்

மறைமலை நகரில் இருக்கும் நண்பரின் பெண், எம்.எஸ்ஸி. டயட்டெடிக்ஸ் படித்தவள். இரண்டு வருஷ ஆஸ்பத்திரி அனுபவம். ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் டயட்டீஷியன் வேலை கிடைத்திருக்கிறது. 'கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க அங்கிள்' என்று நாலு பக்க ஒப்பந்தத்தை நீட்டினாள். நான் வக்கீல் இல்லை. ஆனால், புத்தகங்களை விமரிசனம் பண்ணுகிறவனுக்கு நாலு பக்கம் பெரிய விஷயமா? படித்தேன். இது அதன் விமரிசனம்.

முதல் குறை, பெயரிலேயே. அவளுக்குப் பதவி 'கேன்டீன் எக்ஸிகியூட்டிவ்'. டயட்டீஷியன் என்ற வார்த்தை நாலு பக்கத்திலும் இல்லை. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் பட்டியலில் டயட்டீஷியனும் இருக்கிறார். பார்லிமென்ட்டுக்குத் தெரிந்தது கேட்டரிங் கம்பெனிக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, முதலாளி யார்? லெட்டர்ஹெட் கேட்டரிங் கம்பெனியுடையது. வேலை, தொழிற்சாலையில். இருவர் சொல்வதையும் கேட்க வேண்டும். கேட்டரிங் கான்ட்ராக்ட் முடிந்தால் அன்றே இவள் வேலையும் முடியும். 'கேன்டீன் அவங்களோடதுதானே, அவங்க விட்டுடுவாங்களா?' என்றாள். விடலாம். ஏர் இந்தியா கேன்டீன் ஊழியர்கள் வழக்கில் 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது இதுதான்: சட்டப்படி நடத்தியாக வேண்டிய கேன்டீன் என்பதற்காக, இடையில் இருக்கும் நிறுவனத்தின் ஆட்கள் தானாகவே தலைமைக் கம்பெனியின் ஊழியர்களாகிவிட மாட்டார்கள். 2022-ல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி நின்றதைப் பார்த்த ஊர் இது. எனவே, 'கான்ட்ராக்ட் முடிந்தாலும் இரண்டு மாத நோட்டீஸ் அல்லது சம்பளம்' என்று ஒரு வரி வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய குறை. கடமைகள் பதினேழு. 'அனைத்து ஊழியர் உணவின் தரத்துக்கும் பொறுப்பு' என்பது நாலாவது. 'நிர்வாகம் அவ்வப்போது இடும் பிற பணிகள்' என்பது பதினேழாவது. அதிகாரம்? பூஜ்யம். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது. சாம்பாரில் உப்பைக் குறைக்கச் சொல்ல இவளுக்கு அதிகாரம் இல்லை. மாஸ்டர் மனசு வைக்க வேண்டும். பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன பொருட்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் உபயோகிக்கக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த எண்ணெயைக் கொட்டச் சொல்லும் உரிமையும் இல்லை. ஆனால், யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் விளக்கக் கடிதம் மட்டும் இவள் எழுத வேண்டும்.

கற்பனையான பயம் இல்லை இது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள், அவர்கள் தங்கியிருந்த ஹாஸ்டல் சாப்பாட்டால் பாதிக்கப்பட்டு 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அதிகாரிகள் அந்தச் சமையலறையை மூடினார்கள். சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. கவனியுங்கள், சம்பவம் நடந்தது ஃபேக்டரி கேன்டீனில் அல்ல, ஹாஸ்டலில். இவள் ஒப்பந்தத்தில் ஹாஸ்டல் என்ற சொல்லே கிடையாது.

நாலாவது, பாண்டு. இரண்டு வருஷத்துக்குள் விலகினால் ஒரு லட்சம். 'அதெல்லாம் கோர்ட்ல நிக்காதுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க.' நம்பாதே என்றேன். 2025-ல் விஜயா வங்கி வழக்கில் இரண்டு லட்ச ரூபாய் பாண்டை சுப்ரீம் கோர்ட் செல்லும் என்றது. வேலையை விட்ட பிறகு 'மூன்று வருஷம் வேறு கேட்டரிங் கம்பெனியில் சேரக் கூடாது' என்கிற ஷரத்து வேறு ரகம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு முன் அது நிற்பது கஷ்டம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

250 பேருக்கு மேல் வேலை பார்த்தால் கேன்டீன் என்றது 1948 தொழிற்சாலைச் சட்டம். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பு அதை 100 ஆக இறக்கி, எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்கிறது. நல்லது. கடிதம் கட்டாயம்தான். அதில் என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

மூன்று வரி எழுதிக்கொடுத்தேன். நோட்டீஸ், கெட்ட எண்ணெயையும் சந்தேகமான உணவையும் நிறுத்தும் அதிகாரம், ஹாஸ்டல் சமையலறையில் நுழையும் உரிமை.

ஹெச்.ஆர்.காரர் போனில் சிரித்தாராம். 'ஹாஸ்டல் நம்ம லிமிட்ல வராது மேடம்.'

'அப்ப நாலாவது கடமையில அனைத்து ஊழியர் உணவுன்னு ஏன் சார் போட்டிருக்கீங்க? ஹாஸ்டல்ல சாப்பிடறவங்க யாரு?'

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் திருத்திய பக்கம் வந்தது. எண்ணெய் சரி, ஹாஸ்டலும் சரி. நோட்டீஸ் இரண்டு மாதம் ஒரு மாதமாகியிருந்தது. பாண்டு அப்படியே.

கையெழுத்துப் போட்டுவிட்டாள். முதல் வேலையாக ஹாஸ்டல் சமையலறைக்குத்தான் போகப் போகிறாளாம்.