ஹெட்டில் கை வைக்கும் முன்

கூலன்ட் டப்பாவில் சேறு போல எண்ணெய் மிதக்கிறது. ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்கிற மெக்கானிக் அருகிப் போய்விட்டார். டப்பா மூடியைத் திறந்த கையோடு, "ஹெட் கேஸ்கட் போச்சு, இறக்கிடலாம்" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது.

சங்ககிரிப் பக்கம் ஒரு மேஸ்திரி இருக்கிறார். சபரிமலை சீசன் முடிந்ததும் அவர் பட்டறை வாசலில் வேன்கள் நிற்கும். "ஹெட்டுங்களாண்ணா?" என்று உரிமையாளர் பதறுவார். "பொறுங்க, அதுக்குள்ள எதுக்குங்க அதக் கழட்டறது?" என்பார் அவர். பிறகு பையன்களைப் பார்த்து ஒரே கேள்வி: "ஓடும்போது யாருக்குடா பிரஷர் ஜாஸ்தி?"

அவர் வித்தை முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஓடுகிற எஞ்சினில் எண்ணெய்க்கு மூன்று, நான்கு கிலோ அழுத்தம். தண்ணீருக்கு ரேடியேட்டர் மூடி அனுமதிப்பது ஏறக்குறைய ஒரு கிலோதான். ஆயில் கூலரின் தகட்டில் மயிரிழை விரிசல் விட்டாலும் எண்ணெய்தான் தண்ணீருக்குள் புகும். அணைத்த பிறகு கதை மாறும். எண்ணெய் அழுத்தம் உடனே விழுந்துவிடும். சூடான தண்ணீர் இன்னும் கொஞ்ச நேரம் தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் ஸ்டிக் சுத்தமாக இருப்பதை மட்டும் அவர் நம்புவதில்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் சம்ப் நட்டை லேசாகத் தளர்த்துவார். அடியில் தண்ணீர் தங்கியிருந்தால் எண்ணெய்க்கு முன் அதுதான் சொட்டும். சூடான தகட்டில் ஒரு துளி எண்ணெய் விட்டு, படபடவென்று பொரிகிறதா என்றும் பார்ப்பார்.

அடுத்தது மூக்கு. டப்பாவில் மிதப்பதை விரலில் தேய்த்து முகர்வார். டீசல் வாசம் அடித்தால் இன்ஜெக்டர் ஸ்லீவ் பக்கம் போக வேண்டும். பச்சைக் கூலன்ட்டையும் சிவப்பையும் யாராவது கலந்து ஊற்றினீர்களா என்று விசாரிப்பார். ஒத்துப்போகாத இரண்டு சேர்ந்தால் கூழாகி எண்ணெய்ச் சேறு போலவே தெரியும்.

பிறகு காலையில், எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது, மேல் ஓஸைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்வார். டர்போ டீசலில் சிலிண்டருக்குள் எரியும் அழுத்தம் 100 கிலோவைத் தாண்டும். அது தண்ணீருக்குள் கசிந்தால், சூடேறும் முன்பே ஓஸ் விறைத்துவிடும். நீலத் திரவத்தை வைத்துப் புகையைச் சோதிப்பவர்களும் உண்டு. அது தவறில்லை. ஆனால் பெட்ரோல் வண்டியில் பளிச்சென்று மஞ்சளாகும் அந்தத் திரவம் டீசலுக்குப் பச்சையாகத்தான் மாறும். பட்டறை வெளிச்சத்தில் அந்த நிறத்தைப் பிரித்துப் பார்ப்பதைவிட உள்ளங்கை எனக்கு நம்பகமாகப் படுகிறது.

நான் மணிக்கணக்கில் நின்று பார்ப்பது இதற்குப் பிறகு வருவதை. கூலரைக் கழற்றி, துவாரங்களைத் தகடும் ரப்பரும் வைத்து அடைத்து, எண்ணெய் ஓடும் பக்கம் காற்றுக் குழாயைப் பொருத்துவார். மற்ற பட்டறைகளில் இதைப் பச்சைத் தண்ணீரில் முக்கி, குமிழி வரவில்லையென்று உடனே எடுத்துவிடுகிறார்கள். இவர் வாளியில் கை பொறுக்காத வெந்நீர் ஊற்றுவார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகிற வண்டியில் கூலர் எந்தச் சூட்டில் இருக்குமோ, அந்தச் சூட்டை ஓரளவாவது அதற்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. குளிர்ந்தால் மூடிக்கொள்கிற விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும். கூலரை முக்கியதும் மேலே ஒட்டியிருந்த காற்றெல்லாம் குபுகுபுவென்று வரும். அதை அவர் கணக்கில் எடுப்பதில்லை. நீர் அமைதியான பிறகும் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பார். இரண்டு தகடுகளின் இடுக்கிலிருந்து கடுகளவு குமிழி ஒன்று கிளம்பும். நிதானமாக இன்னொன்று, அதே இடத்திலிருந்து. "இதா, இங்கதான்" என்று விரலை வைப்பார். வாசித்து முடித்த வித்வானைப் பார்க்கிற பார்வையோடுதான் நான் அந்த விரலைப் பார்ப்பேன்.

ஸ்கேனரை மாட்டாமல் என்ன வைத்தியம் என்று இளைய மெக்கானிக்குகள் கேட்பார்கள். காமன் ரெயில் எஞ்சினுக்கு ஸ்கேனர் வேண்டும்தான். ஆனால் கூலன்ட்டில் எண்ணெய் இருப்பதைக் காட்டும் சென்சார் இந்த வேன்களில் இல்லை. கேஸ்கட்டில் எண்ணெய் வழிக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவே மட்டும் விட்டுப்போவதும் உண்டு. அப்போது ஓஸ் விறைக்காது. கூலர் வெந்நீரிலும் காற்றைத் தாங்கி நின்றால், அன்றைக்கு ஹெட்டை இறக்கட்டும். முதலிலேயே இறக்கி, ஃபேசிங், புது கேஸ்கட், போல்ட் என்று செலவு வைத்தபின் எண்ணெய் மறுபடி மிதப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

தரம் இன்னும் மோசமாகச் சரிந்திருப்பது வேலை முடிந்தபிறகு. உப்புப் போர் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும் என்று தெரிந்தும் அதையே ஊற்றுகிறார்கள். எண்ணெய் குடித்த ஓஸ்கள் உப்பி மெத்தென்று ஆகியிருக்கும், அவற்றை மாற்றுவதில்லை. ஹீட்டர் குழாய்கூட விடாமல் திரும்பத் திரும்ப அலச வேண்டிய இடத்தில், ஒரு முறை சோப்புத் தண்ணீர் விட்டு வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். மிச்சமிருந்த சேறு சில நாளில் டப்பாவில் மேலே வருகிறது. கூலர் இல்லை, ஹெட்தான் என்று அடுத்த பட்டறையில் இறக்குகிறார்கள். நோயைச் சரியாகச் சொன்னவருக்குக் கெட்ட பெயரும், நல்ல ஹெட்டுக்கு ஸ்பேனரும் வாங்கித் தருவது இந்த அவசரம்தான்.