உரிமத் தேர்வுக்கு முந்தைய மாதங்கள்

பிலிப்பைன்ஸில் சிவில் பொறியியல் பட்டம் வாங்கினால் மட்டும் ஒருவர் பொறியாளர் ஆகிவிட முடியாது. 1950இல் வந்த 544ஆம் குடியரசுச் சட்டப்படி, அரசு நடத்தும் உரிமத் தேர்வில் தேறிப் பதிவு செய்த பிறகே ஒரு வரைபடத்தில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போடலாம். பட்டத்துக்கும் தேர்வுக்கும் நடுவே, சட்டம் எங்கும் கேட்காத, ஆனால் பெரும்பாலோர் கடந்தே தீருகிற சில மாதங்கள் உண்டு. அவற்றை ‘ரிவ்யூ’ என்கிறார்கள். மணிலாவில் பல்கலைக்கழகங்கள் நெருக்கியடித்து நிற்கும் சம்பாலோக் பகுதிதான் இதற்குப் பேர்போன இடம். மாகாணங்களிலிருந்து வரும் இளைஞர்கள் அங்கே அறை எடுத்துத் தங்கி, கணக்குப் போட்டுப் போட்டுக் கை பழகுகிறார்கள்.

இதை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பல்கலைக்கழகம் செய்யத் தவறுகிற ஒரு காரியத்தை ரிவ்யூ செய்து முடிக்கிறது. அதே சமயம், அது வளர்க்காமல் விடும் ஒன்று கட்டடம் எழுந்த பிறகுதான் வெளியே தெரியும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தேர்வில் 3 தாள்கள். கணிதமும் நில அளவையும் போக்குவரத்துப் பொறியியலும் சேர்ந்தது 35 விழுக்காடு. ஹைட்ராலிக்ஸும் மண் பொறியியலும் 30. கட்டமைப்பு வடிவமைப்பும் கட்டுமானமும் 35. கல்லூரியில் இவை தனித்தனிப் பருவங்களில், தனித்தனி ஆசிரியர்களிடம் வந்து போனவை. முதலாண்டில் தொகையிடல் படித்த மாணவருக்கு, மூன்றாம் ஆண்டில் நீரழுத்தம் வரும்போது இரண்டும் ஒரே விஷயம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ரிவ்யூவில் சில வாரங்களுக்குள் எல்லாம் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. ஒரு தடுப்புச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிற்கும் மண்ணின் அழுத்தம் ஆழத்தோடு சீராகக் கூடுகிறது. அதைத் தொகையிட்டால் மொத்த விசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. அந்த விசை அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் செயல்படுவதால், சுவரின் அடியில் வரும் பெண்டிங் மொமென்ட் உயரத்தின் கனத்துக்கு ஏற்ப எகிறுகிறது. 3 மீட்டர் சுவரை 6 மீட்டராக்கினால் அடியில் வரும் மொமென்ட் 8 மடங்கு. கணிதம், மண், கான்கிரீட் மூன்றையும் ஒரே பிற்பகலில் ஒரே சுவரில் பார்க்கிற வாய்ப்பு ரிவ்யூவில்தான் பலருக்கும் முதன்முதலாகக் கிடைக்கிறது. ஐந்தாண்டுப் படிப்பு நான்காண்டாகச் சுருங்கிவிட்ட பிறகு இந்தத் தொகுப்பின் தேவை இன்னும் கூடியிருக்கிறது.

ரிவ்யூவின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் கூடி நிற்பது ‘கால்டெக்’ என்று அங்கே அழைக்கப்படும் கால்குலேட்டர் உத்திகளில்தான். ஒரு சாலை 3 விழுக்காடு ஏறி வந்து, 200 மீட்டர் நீளமுள்ள பரவளைவில் திரும்பி, 2 விழுக்காடு இறங்குகிறது. உச்சி எங்கே? வழக்கமான வழியில் சூத்திரம் எழுதிப் பிரதியிட வேண்டும். கால்டெக் வழியில், புள்ளியியல் பகுதிக்குப் போய் நேர்கோட்டைத் தேர்ந்து, 0க்கு நேரே 0.03, 200க்கு நேரே −0.02 என்று உள்ளிட்டு, சரிவு சுழியாகும் இடத்தைக் கேட்டால் 120 மீட்டர் என்று திரையில் வந்துவிடும். அந்தச் சரிவையே 0 முதல் 120 வரை தொகையிட்டால், உச்சி தொடக்கப் புள்ளியைவிட 1.8 மீட்டர் உயரம் என்பதும் கிடைக்கும். மொத்தமே ஒரு நிமிட வேலை.

இதைக் குறுக்குவழி என்று திட்டத் தேவையில்லை. பரவளைவின் சரிவு நேர்கோடாக மாறுகிறது என்ற உண்மைதான் இந்த உத்திக்கு உயிர். அதைப் புரிந்து செய்பவர், சூத்திரத்தை ஒப்பிப்பவரைவிட நுண்கணிதத்துக்கு நெருக்கமானவர். ஆனால் வகுப்பில் பலரும் எழுதிக்கொள்வது எந்தப் பொத்தானுக்குப் பின் எந்தப் பொத்தான் என்ற வரிசையைத்தான். இரு சரிவுக் கோடுகளும் சந்திக்கும் புள்ளியின் இருபுறமும் நீளம் வேறுபடும் சமச்சீரற்ற வளைவு வந்தால் அங்கே இருப்பவை இரண்டு பரவளைவுகள். ஒற்றை நேர்கோடு செல்லாது. வரிசையை மட்டும் கற்றவர் அப்போதும் அதே பொத்தான்களை அழுத்துவார். திரையும் ஏதோ ஓர் எண்ணைத் தயங்காமல் காட்டும்.

கொள்குறி வினாக்கள் இந்தக் கோளாறை இன்னும் வளர்க்கின்றன. நான்கு விடைகள் கண்முன் இருக்கும்போது, கணக்கைப் போடாமல் ஒவ்வொன்றையும் சமன்பாட்டில் வைத்துப் பார்ப்பது புத்திசாலித்தனமான தேர்வு முறை. அதைக் கற்றுக்கொடுப்பதில் ஆசிரியர்மேல் தப்பில்லை. ஆனால் தளத்தில் யாரும் நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை. வந்த விடை நம்பத்தக்கதா என்று சந்தேகப்படும் பழக்கமே அங்கே காப்பாற்றும். விடைப் பட்டியல் அந்தச் சந்தேகத்துக்கு வேலையே வைப்பதில்லை.

தேர்வறைக்குள் புத்தகம் கொண்டுபோக முடியாது என்பதால், கட்டமைப்பு விதிகளின் குணகங்களையும் தலையில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அமெரிக்காவில் பொறியாளர் உரிமத்தின் முதற்படித் தேர்வில் சூத்திரக் கையேடு கணினித் திரையிலேயே திறந்திருக்கும். அதில் தேடி எடுப்பதும் சோதனையின் ஒரு பகுதி. அந்த முறையே எனக்குச் சரியாகப் படுகிறது. விதிநூல்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன. பழைய குணகத்தை உறுதியாக நினைவில் வைத்திருக்கும் பொறியாளர் ஆபத்தானவர்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் உறுத்துவது தேர்ச்சி விதி. மொத்தச் சராசரி 70, எந்தத் தாளிலும் 50க்குக் குறையக் கூடாது. கணிதத் தாளில் 85, ஹைட்ராலிக்ஸில் 76, வடிவமைப்பில் வெறும் 50 எடுத்தவரின் சராசரி 70.05. அவருக்கு உரிமம் உண்டு. ரிவ்யூவில் நேரத்தை எங்கே செலவிட்டால் மதிப்பெண் மலிவாகக் கிடைக்கும் என்று கணக்கிடும் மாணவர், இயல்பாகவே கணிதத்தையும் நில அளவையையும் தீட்டுவார். பீமும் தூணும் எப்படியோ 50ஐத் தாண்டினால் போதும். 1968 ஆகஸ்ட் 2ஆம் தேதி நிலநடுக்கத்தில் மணிலாவின் ஆறு மாடி ரூபி டவர் இடிந்து 260க்கும் மேற்பட்டோர் இறந்த நாடு அது. வடிவமைப்பின் குறையும் அந்தச் சாவுகளுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அப்படிப்பட்ட நாட்டில் வடிவமைப்பில் பாதி தெரிந்தால் போதும் என்று ஒரு விதி சொல்லலாமா?

மாணவர் மட்டும் இப்படிக் கணக்குப் போடுவதில்லை. முதல் பத்து இடம் பிடித்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தேர்வு நடத்தும் அரசு ஆணையமே வெளியிடுகிறது. எந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை விழுக்காடு தேறினார்கள் என்பதும் சேர்ந்தே வருகிறது. கல்லூரி வாசலில் தேறியவர்களின் முகங்களோடு பேனர் தொங்குகிறது. அந்த முகங்களின் உழைப்புக்கு அந்த மரியாதை தகும். ஆனால் விழுக்காடு குறைந்துவிடக் கூடாதே என்று இறுதியாண்டு வகுப்பையே ரிவ்யூவாக மாற்றும்போது, கல்லூரி தன் வேலையைக் கைவிடுகிறது. தொகுத்துப் பார்ப்பது பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு செய்ய வேண்டிய வேலை. அதை ஒரு நிஜத் தடுப்புச் சுவரையோ சிறு பாலத்தையோ வடிவமைத்துச் செய்யலாம்.

மாற்ற வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. வடிவமைப்புத் தாளின் குறைந்தபட்சத்தை 50லிருந்து 65க்காவது உயர்த்த வேண்டும். விதிநூலைத் தேர்வறைக்குள் அனுமதிக்க வேண்டும். ஒரே ஒரு வினாவையாவது கைப்பட எழுதவைத்து, மனிதர் ஒருவர் திருத்த வேண்டும். இவற்றுக்கு அரசு மனம் வைக்க வேண்டும், காலமும் ஆகும். ரிவ்யூ ஆசிரியர் ஒருவர் யாருடைய அனுமதியும் இல்லாமல் நாளைக் காலையிலேயே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் தரவில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, கால்குலேட்டரை மூடச் சொல்லி, விடை கூடுமா குறையுமா, ஏறத்தாழ எத்தனை மடங்கு, ஏன் என்று கேட்கலாம்.