மரப்பாச்சியின் புடவை

மரப்பாச்சி ஆணும் பெண்ணுமாக இணையாகச் செய்யப்படும் மரப்பொம்மை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் வளரும் செம்மரம் அதற்கு உகந்த பழைய மரம். கல்யாணமாகிப் போகும் பெண்ணின் சீரோடு புகுந்த வீட்டுக்கு வரும் இந்த இணை, நவராத்திரிதோறும் புது உடை உடுத்திக் கொலுப்படி ஏறும். தச்சர் கண், மூக்கு, கைகளைச் சில வெட்டுகளில் முடித்துவிடுவார். மற்ற அழகெல்லாம் உடுத்துகிறவர் கையில்.

தையலுக்கு முதல் சவால் பொம்மையின் உடல். 1959-இல் வந்த பார்பியின் உயரம் பதினொன்றரை அங்குலம்; அதன் கைகள் அசையும், சட்டைக்குள் நுழையும். மேலைநாடுகளில் அதற்கு அளவுத்தாள்கள் அச்சிட்டு விற்றார்கள். மரப்பாச்சியோ ஒரே கட்டையில் செதுக்கியது; கை உடலோடு ஒட்டியிருக்கும். ஆகவே ரவிக்கையை முன்பக்கம் வைத்து, முதுகில் கொக்கியோ நூல் முடிச்சோ போட்டுச் சேர்க்க வேண்டும். இதற்கு அளவுத்தாள் பழைய ரவிக்கையேதான். நைந்ததைத் தையல் பிரித்து, செய்தித்தாளில் விரித்து வரைந்து, தையலுக்குக் கால் அங்குலம் கூட்டி வெட்டினால் பாட்டி தைத்த அளவு பேத்திக்குக் கிடைக்கும்.

அடுத்தது துணி. ஐந்தடிப் பெண்ணுக்கு ஐந்தரை மீட்டர் புடவை என்றால், ஓரடி மரப்பாச்சிக்குக் கணக்குப்படி 110 சென்டிமீட்டர். அவ்வளவையும் சுற்றினால் இடுப்பு பருத்துவிடும். நீளம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தாலும் இழையின் தடிமன் குறைவதில்லை. அதனால் தேர்ந்த கை உள்சுற்றைக் குறைத்துவிட்டுக் கொசுவத்துக்கும் முந்தானைக்கும் மட்டும் துணி விடும். பலமுறை துவைத்து மெலிந்த பருத்திப் புடவை இதற்கு உத்தமம். புதுத்துணி விறைத்து நிற்கும். பழந்துணி உடலோடு படிந்து விழும். கொசுவத்தை முதலிலேயே மடித்து, இஸ்திரி போட்டு, இடுப்பருகே ஓட்டுத் தையலால் பிடித்துவிட்டால் ஒன்பது நாளும் கலையாது.

வடிவமும் சிறுக்க வேண்டும். அரை அங்குலக் கட்டம் ஓரடிப் பொம்மையின் மேல் இரண்டரை அங்குலக் கட்டம்போலத் தெரியும். பொன்னேரியை அடுத்த பழவேற்காடு கட்டத்துணிக்குப் பெயர்போனது. 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டை எழுப்பிய டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையின் துணிகளைக் கீழைத்தீவுகளுக்கு ஏற்றினார்கள். கட்டம் போட்ட கைலிக்கு மலாய் மொழியில் இன்றும் 'காயின் பெலிக்காட்' என்றே பெயர். அந்தப் பெருங்கட்டம் மரப்பாச்சிக்கு ஒவ்வாது. குண்டுமணி அளவுக் கட்டமோ மெல்லிய கோடோதான் பொருந்தும். கரைக்குப் பழம்புடவையின் ஒற்றைச் சரிகைக் கோடு போதும்.

ஆண் பொம்மைக்குத் தையல் குறைவு. வேட்டியைப் பஞ்சகச்சமாகக் கட்ட முடியாது. கால்கள் பிரியாத கட்டையில் முன்மடிப்பு வைத்து, பின்னால் தைத்துக் கச்சத்தின் தோற்றம் தரலாம். தோளில் அங்கவஸ்திரம், தலையில் ஒரு விரல் அகல நாடாவில் தலைப்பாகை.

உடையைப் பசையால் ஒட்டக் கூடாது. மரத்தில் கறை படியும், அடுத்த ஆண்டு துணி கிழிந்துதான் வரும். நூலால் பிடித்த உடை கொலு முடிந்ததும் சேதமில்லாமல் கழலும். அதைத் துவைத்து உலர்த்தி, பொம்மையோடு சேர்த்து மெல்லிய வெள்ளைத்துணியில் சுற்றி வைத்தால், அடுத்த தலைமுறைக்கு அளவும் அதுவே, மாதிரியும் அதுவே.